வேலையில் மனம் ஒட்டவில்லை, விட்டுவிடலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 31 வயது. ஊர் புத்தூர். யாழ்ப்பாணம் டவுனில் ஒரு எஞ்சினியரின் அலுவலகத்தில் ஏழு வருடமாக வீட்டுப் பிளான் கீறுகிறேன். முதல் இரண்டு வருடமும் படுக்கையில் கிடந்தாலும் பிளான்தான் கண்ணுக்குள் நிற்கும். சேரோடு சைட்டுக்கும் போய் வருவேன். "இந்தப் பிள்ளை கீறினால் திருப்பிப் பார்க்கத் தேவையில்லை" என்று வந்தவர்களுக்கு முன்னாலேயே சொல்லுவார். இப்போது அலுவலகம் பெரிதாகிவிட்டது. வட்ஸ்அப்பில் வருவதைக் கீறி அனுப்புவதுதான் என் வேலை. ஒரு பிளான் வடிவாக வரும், அடுத்த மூன்றும் ஏனோதானோவென்று போகும். போன மாதம் ஒரு மாடிவீட்டுக்கு, படிக்கட்டில் ஏறினால் தலை பீமில் இடிக்கிற மாதிரிக் கீறிக் கொடுத்துவிட்டேன். மேசன்தான் கண்டுபிடித்தார். சேர் ஒன்றும் கதைக்கவில்லை, தானே திருத்தி அனுப்பிவிட்டார். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

விடிய நாலரைக்கு எழும்பி, சமைத்து, மகளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்திவிட்டு பஸ் ஏறுகிறேன். ஊக்கப் பேச்சு வீடியோக்கள் பார்த்தால் இரண்டு நாளைக்கு உற்சாகம் இருக்கும், பிறகு பழையபடிதான். கனடாவில் இருக்கிற சிநேகிதி, "மனதுக்குப் பிடித்ததைச் செய், பிடிக்காத வேலையில் ஒருநாளும் கெட்டிக்காரியாக வர முடியாது" என்கிறாள். எனக்குக் கேக் ஐசிங் செய்யப் பிடிக்கும். இரவு பதினொரு மணியானாலும் அலுக்காது. வேலையை விட்டுவிட்டுக் கேக்கையே தொழிலாக எடுக்கட்டுமா? இல்லாவிட்டால் நான் சோம்பேறியாகிவிட்டேனா?
— பெயர் வேண்டாம், புத்தூர்.

பதில் அளிப்பவர்: வேலைத்தளங்களில் பணிபுரிவோருக்கான உளவளத்துணையாளர்.

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீங்கள் சோம்பேறி இல்லை. ஒரு மாதத்துக்கு முன்னர் விட்ட பிழை இன்னும் உங்கள் நெஞ்சை அரிக்கிறது. வேலையில் அக்கறை செத்துப்போனவர்களுக்கு அப்படி அரிக்காது. வேலையை விடுவதா என்ற கேள்விக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இன்றைக்கு இருக்கிற மனநிலையில் விட வேண்டாம். விடக் கூடிய நிலைமை ஒன்றும் இருக்கிறது, அதைப் பற்றிக் கடைசியில் கதைப்போம்.

முதலில் உங்கள் நித்திரையைப் பற்றிக் கதைக்க வேண்டும். நாலரைக்கு எழும்புகிறீர்கள், இரவு பதினொரு மணிக்கு ஐசிங் செய்துகொண்டிருக்கிறீர்கள். எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் ஐந்து, ஐந்தரை மணித்தியாலத்துக்கு மேல் வரவில்லை. நித்திரை குறைந்தால் முதலில் அடிபடுவது கவனம். அதுவும் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சங்கதிகளை மனதில் பிடித்து வைத்திருக்கிற கவனம். படிக்கட்டுப் பிழை அப்படிப்பட்டதுதான். மேலே இருந்து பார்க்கிற பிளானில் தலைக்கு மேல் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரியாது. செக்ஷன் வெட்டிப் பார்த்தால்தான், அதாவது வீட்டை மேலிருந்து கீழாக வெட்டின மாதிரிக் கீறிப் பார்த்தால்தான், பீம் எந்த உயரத்தில் வருகிறது என்று விளங்கும். கீழ்த் தளத்தின் மட்டம், மேல்தளத்துக் கொங்கிறீட்டின் தடிப்பு, படி ஒன்றின் உயரம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு பார்க்க வேண்டிய இடம் அது. களைத்த மூளை இந்த இடத்தில் ஒன்றைக் கைநழுவ விடும். உங்களுக்கு விருப்பம் குறைந்ததால் அந்தப் பிழை வந்தது என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. பிளான் கீறுவதில் உயிரையே வைத்திருக்கிற ஒருவர்கூட ஐந்து மணித்தியால நித்திரையோடு அந்தப் பிழையை விடுவார்.

ஆகவே வீட்டில் வேலை பிரிக்கப்பட வேண்டும். கடிதத்தில் சமையல், மகள், பஸ் எல்லாம் இருக்கிறது, உங்கள் கணவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவர் வெளியூரில் இருக்கிறாரா, வீட்டில் இருக்கிறாரா என்று தெரியாது. வீட்டில் இருந்தால் மகளை வெளிக்கிடுத்துகிற அலுவலை அவர் எடுக்கட்டும். இதைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். யாழ்ப்பாணத்தில் என்னிடம் வருகிற பெண்களில் பலர் "வேலையில் ஆர்வம் போய்விட்டது" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். கதைத்துக்கொண்டு போனால், அலுவலகத்துக்கு முன்னால் ஒரு முழு வேலையும் பின்னால் ஒரு முழு வேலையும் இருப்பது தெரியவரும். அந்தச் சுமையை வைத்துக்கொண்டு ஆர்வத்தைத் தேடுவது வீண்.

இன்னொன்றையும் கவனமாகப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல், சரிவரக் கையாளப்படாத நீண்டகால வேலை நெருக்கடியால் வருகிற சோர்வை ஒரு தொழில்சார் நிலைமை என்று விவரித்தது. அதற்கு மூன்று முகம்: உடலும் மனமும் வற்றிப்போதல், வேலையின் மேல் வெறுப்பு அல்லது விலகல், தன்னால் ஏலாது என்ற எண்ணம். உங்களிடம் மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் தெரிகிறது. ஆனால் கேக் செய்யும்போது சந்தோசமாக இருக்கிறீர்கள். அது நல்ல அறிகுறி. மனச்சோர்வு நோயில் வழக்கமாகப் பிடித்த சங்கதிகளும் ருசியற்றுப் போகும். வரும் நாட்களில் கேக்கும் பிடிக்காமல் போனால், பசி இல்லாமல் போனால், மகளோடு விளையாடவும் மனம் வராமல் இருந்தால், அல்லது வாழ்ந்து என்ன என்ற எண்ணம் ஒருமுறை வந்தால்கூட, என் பதிலை வைத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். யாழ். போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழையுங்கள்.

சரி, இப்போது சிநேகிதி சொன்னதற்கு வருகிறேன். உங்கள் நன்மைக்காகத்தான் அவர் சொன்னார், ஆனாலும் அது பிழையான அறிவுரை. விருப்பம் என்பது எங்கோ முழுதாக விளைந்து கிடக்கிறது, அதைக் கண்டுபிடித்தால் போதும் என்று நம்புகிறவர்களையும், விருப்பம் செய்யச் செய்ய வளருவது என்று நம்புகிறவர்களையும் ஒப்பிட்டு 2018-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. புதிதாக ஈர்த்த ஒன்று கொஞ்சம் கடினமானதும், முதல் வகையினரின் ஆர்வம்தான் கூடுதலாக விழுந்தது. கண்டுபிடிக்கப்பட்ட விருப்பம் என்றால் அது கஷ்டமே தரக் கூடாது என்று அவர்கள் எதிர்பார்த்ததுதான் காரணம். 1993-இல் வெளியான, பெர்லின் வயலின் மாணவர்களைப் பற்றிய ஆய்வும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. மிகச் சிறந்த மாணவர்களும் தனியாக இருந்து சாதகம் பண்ணுவதுதான் முன்னேற்றத்துக்கு மிக முக்கியம் என்றார்கள். ஆனால் அதுவே மிகவும் இன்பமான வேலை என்று சொல்லவில்லை. அந்தக் கெட்டிக்காரர்கள், மற்ற மாணவர்களைவிடக் கூடுதலாக நித்திரை கொண்டார்கள் என்பதையும் உங்களுக்காகவே குறித்து வைக்கிறேன்.

நீங்கள் தினமும் பஸ்ஸில் கடந்து போகிற சிறுப்பிட்டியில் 1832-இல் பிறந்தவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். 1868-இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தை உரையோடு அச்சிட்டார், 1881-இல் வீரசோழியம், 1887-இல் கலித்தொகை. தமிழ் மேல் அவருக்கு இருந்த காதலைப் பற்றி நாங்கள் நிறையக் கதைக்கிறோம். ஒரு நூலைப் பதிப்பிக்க அவர் நாளுக்கு நாள் செய்த வேலையை நினைத்துப் பாருங்கள். செல்லரித்த ஏடுகளைத் தேடி எடுப்பது, ஒரு பிரதியையும் இன்னொரு பிரதியையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது, எது சரியான பாடம் என்று தடுமாறுவது, அச்சுப் பிழை திருத்துவது. இதில் எந்த மணித்தியாலம் உற்சாகமாக இருந்திருக்கும்? காதல் முழு நூலின் மேல் இருந்தது. அன்றாடம் கையில் இருந்தது சலிப்பான சரிபார்ப்பு. சலிப்பு வந்ததும் "இது எனக்கு விதித்த வேலை இல்லைப்போல" என்று அவர் ஏடுகளை மூடி வைத்திருந்தால் கலித்தொகை இன்னும் எவ்வளவு காலம் ஏட்டிலேயே கிடந்திருக்கும் என்று எண்ணவே பயமாக இருக்கிறது.

மனம் வராத நாள் எல்லா நல்ல வேலைக்காரருக்கும் உண்டு. அப்படிப்பட்ட நாட்கள் அதிகமாகிக்கொண்டு போவதுதான் யோசிக்க வேண்டிய சங்கதி. ஏன் அதிகமாகிறது என்பதற்கு உங்கள் கேக்கிடமே விடை இருக்கிறது.

ஒரு பிறந்தநாள் கேக்கை நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்? யாருக்கு என்று தெரியும். மா குழைப்பது முதல் கடைசிப் பூ வைக்கும் வரை உங்கள் கைதான். எந்த நிறம் என்பதை நீங்களே முடிவெடுக்கிறீர்கள். பெட்டியைத் திறக்கும்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறீர்கள், ஐசிங் வழிந்திருந்தால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். இனி அலுவலக வேலையைப் பாருங்கள். வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வருகிறது: "மேல்மாடியில் ஒரு ரூம் கூட்டுங்கோ, போர்ட்டிக்கோவைக் கொஞ்சம் தள்ளுங்கோ." கீறுகிறீர்கள், அனுப்புகிறீர்கள். பிரதேச சபையில் அனுமதி கிடைத்ததா, வீடு எழும்பியதா, குடிபூரலுக்கு யார் வந்தார்கள், ஒன்றும் உங்களுக்குத் தெரியாது. பிழை விட்டால்கூட வேறொருவர் சத்தமில்லாமல் திருத்திவிடுகிறார்.

ஹக்மன், ஓல்ட்ஹாம் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1976-இல், ஒரு வேலை தன்னைச் செய்கிறவரைத் தானாகவே இழுத்துப் பிடிப்பதற்கு என்னென்ன வேண்டும் என்று எழுதினார்கள். பலவகைத் திறமைக்கு இடம், தொடக்கம் முதல் முடிவு வரை ஒருவர் கையில் இருப்பது, அது இன்னொருவர் வாழ்க்கைக்கு உதவுகிறது என்ற தெளிவு, சுயமாக முடிவெடுக்கும் உரிமை, எப்படிச் செய்தோம் என்று தெரியவருவது. கேக்கில் இந்த ஐந்தும் இருக்கிறது. முதல் இரண்டு வருடமும் சேரோடு சைட்டுக்குப் போனபோது பிளானிலும் இருந்தது. அலுவலகம் வளர வளர ஒவ்வொன்றாகக் கழன்று போய்விட்டது. நீங்கள் மாறவில்லை தங்கச்சி, உங்கள் வேலை மாறிவிட்டது. உங்களுக்குள்ளேயே குற்றத்தைத் தேடிக்கொண்டிருப்பதால் இது கண்ணில் படவில்லை. வீடியோக்களும் உங்களையே திருத்தச் சொல்வதால்தான் இரண்டு நாளில் வேகம் வடிந்துவிடுகிறது.

போனவற்றில் எதைத் திரும்பக் கொண்டுவரலாம்? வேலையால் பயன்பெறுகிற மனிதரிடமிருந்து தொடங்குங்கள் என்பேன். 2007-இல் அடம் கிராண்ட் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரு பல்கலைக்கழகத்துக்காக ஆட்களுக்குத் தொலைபேசி எடுத்து நன்கொடை கேட்கிற வேலை. அலுப்பான வேலை, முகத்திலடித்த மாதிரி வைத்துவிடுவார்கள். அந்த ஊழியர்களில் ஒரு பகுதியினரை, அந்த நன்கொடையால் புலமைப்பரிசில் கிடைத்துப் படிக்கிற ஒரு மாணவரோடு சில நிமிடம் கதைக்க விட்டார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அவர்கள் வாரத்தில் தொலைபேசியில் செலவிட்ட நேரம் 142 சதவீதம் கூடியிருந்தது, சேர்த்த பணம் 171 சதவீதம். சந்திக்காதவர்களிடம் அப்படி ஒரு மாற்றமும் இல்லை. ஒருவரும் அவர்களுக்கு ஊக்கப் பேச்சுப் பேசவில்லை. தங்கள் வேலை போய்ச் சேருகிற ஆளை ஒருக்கால் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

உங்கள் பிளானில் குடியிருக்கிறவர் யார்? பணம் கட்டுகிறவர் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருப்பார். ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவோடு சேர்த்து வந்து சில கிழமை நிற்பார். வருடம் முழுக்க அந்த வீட்டில் இருப்பது பெரும்பாலும் அவருடைய அம்மாவும் அப்பாவும். முழங்கால் நோவோடு இருக்கிற அந்த அம்மாவுக்கு, மகன் கேட்ட மேல்மாடி ரூமைவிட, கீழே படுக்கையறையோடு ஒட்டிய பாத்ரூம்தான் முக்கியம். அதன் வாசற்படி ஒரு அங்குலம் உயர்ந்தால்கூட இரவில் தடுக்கி விழுவார். வட்ஸ்அப்பில் வருகிற கட்டளையில் அந்த அம்மா இருக்க மாட்டார். அவருக்காக யோசிக்கக் கூடியவர், கணினிக்கு முன்னால் இருக்கிற நீங்கள் மட்டும்தான்.

ஆகவே இதைச் செய்யுங்கள். நீங்கள் கீறிக் கட்டி முடிந்து, ஒரு மாரியாவது கண்ட வீடு ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். உங்கள் ஊர்ப் பக்கமே ஒன்றிரண்டு இருக்கும். சேரிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டு ஒரு சனிக்கிழமை போங்கள். தேத்தண்ணி தருவார்கள், ஆறுதலாக இருந்து கதையுங்கள். வாடைக்கு மழை எந்த ஜன்னலால் அடிக்கிறது? பின்னேரம் மூன்று மணிக்கு எந்த அறையில் இருக்கவே ஏலாமல் வெக்கையாக இருக்கிறது? பெரிய குசினி கட்டியும் ஏன் வெளியில் ஒரு சீற் இறக்கி அங்கே சமைக்கிறார்கள்? நீங்கள் விறாந்தை என்று கீறிய இடத்தில் உண்மையில் யார் இருக்கிறார்கள்? எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். குறை சொல்லுவார்கள் என்று பயப்பட வேண்டாம். முகத்துக்கு நேரே வருகிற அந்தக் குறைதான் இப்போது அலுவலகத்தில் உங்களுக்குக் கிடைக்காமல் இருப்பது.

கிணற்றடிக்கும் போய்ப் பாருங்கள். எங்கள் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை, குடிப்பதும் குளிப்பதும் பயிருக்கு இறைப்பதும் நிலத்தடித் தண்ணியை நம்பித்தான். கீழே இருப்பது வெடிப்பும் பொந்தும் உள்ள சுண்ணாம்புக்கல். மேலே விட்டது சுலபமாகக் கீழே இறங்கி அக்கம்பக்கம் பரவும். கிணறுகளில் நைத்திரேற்று கூடிய பிரச்சினைக்கு உரத்தோடு மலக்குழிகளும் காரணம். பிளானின் ஒரு மூலையில், கடைசியாக, அவசரத்தில் நீங்கள் போடுகிற அந்தச் சின்னச் சதுரம் எந்த இடத்தில் வருகிறது என்பதில் அந்த வீட்டுக் கிணறு மட்டுமல்ல, பக்கத்து வளவுக் கிணறும் தங்கியிருக்கிறது. பக்கத்து வளவுக் கிணறு உங்கள் பிளானில் இருக்கிறதா? பல பிளான்களில் இருப்பதில்லை. அதைக் கேட்டு வாங்கிக் குறிக்கிற ஒரு ஆளாக நீங்கள் மாறினால், அந்த ஒழுங்கையில் இருக்கிற பிள்ளைகள் குடிக்கிற தண்ணியில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கும். ஒரு வேலைக்கு இதைவிட என்ன பெறுமதி வேண்டும் என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன்.

இவ்வளவும் விருப்பத்தைத் திரும்ப வளர்ப்பதற்கு. அதற்கு மாதக் கணக்கில் எடுக்கும். அதுவரை பிளான் ஏனோதானோவென்று போக முடியாது. ஆகவே தரத்தை மனநிலையிலிருந்து பிரித்து வைத்துவிட வேண்டும்.

இதற்கு எனக்குத் தெரிந்து சரிபார்ப்புப் பட்டியலை மிஞ்சிய வழி இல்லை. அது புதிதாகப் பழகுகிறவர்களுக்கு என்று நினைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் சத்திரசிகிச்சைக்கு 19 விடயங்கள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தயாரித்து, எட்டு நகரங்களின் வைத்தியசாலைகளில் பரீட்சித்து, 2009-இல் முடிவு வெளியானது. இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. அதைப் பயன்படுத்தியவர்கள் அனுபவம் உள்ள சத்திரசிகிச்சை நிபுணர்கள். ஆளைச் சரியாக அடையாளம் கண்டோமா, எந்தப் பக்கத்தில் வெட்டுகிறோம் என்று வாய்விட்டுக் கேட்பதுதான் அந்தப் பட்டியல். அவர்களுக்கே அது தேவைப்பட்டதென்றால் எங்களுக்கு ஒரு வெட்கமும் வேண்டாம்.

உங்களுடைய பட்டியலை வேறு இடத்திலிருந்து எடுக்க வேண்டாம், உங்கள் பிழைகளிலிருந்தே எழுதுங்கள். முதல் வரி: படிக்கட்டு உள்ள எந்தப் பிளானும் செக்ஷன் வெட்டிப் பார்க்காமல் வெளியே போகாது. பிறகு கதவு திறக்கிற பக்கம், ஜன்னலின் அடிமட்டம், பீமும் தூணும் ஒரே கோட்டில் இருக்கிறதா, பாத்ரூம் தளத்தின் சரிவு, குழியும் கிணறும், சாத்திரியார் நிலையம் எடுத்துத் தந்த அளவு மாறாமல் இருக்கிறதா என்று உங்கள் அனுபவத்தில் எது எது இடறியதோ அது. ஒரு பக்கத்தைத் தாண்ட விடாதீர்கள், நீண்டால் பார்க்க மாட்டீர்கள். கீறி முடித்த அன்றைக்கே சரிபார்க்கவும் வேண்டாம். அன்று கண் தான் கீற நினைத்ததைத்தான் காணும், கீறியதைக் காணாது. தாளில் எடுத்து மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். மறுநாள் காலை, கணினியைப் போட முன்னம், வட்ஸ்அப்பைத் திறக்க முன்னம், சிவப்புப் பேனையோடு அந்தத் தாளுக்கு முன்னால் இருங்கள். இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் இதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைக்கிறவர்கள், வெறுமனே "கவனமாக இருப்பேன்" என்று நினைக்கிறவர்களைவிடச் சொன்னதைச் செய்து முடிக்கிறார்கள் என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த சங்கதி. மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தத் தாள் அங்கே இருக்கும்.

எல்லாப் பிளானையும் உச்சத்தில் செய்ய வேண்டும் என்ற எண்ணத்தையும் கொஞ்சம் தளர்த்துங்கள். மதில் ஒன்றுக்குக் கீறுகிற படத்தில் உங்கள் உயிரை வைக்கத் தேவையில்லை, பிழையில்லாமல் இருந்தால் போதும். ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது ஒரு பகுதியை உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வீட்டில் அந்த அம்மாவின் பாத்ரூம், அடுத்த வீட்டில் மேற்குச் சுவர் வெக்கை. அதில் மட்டும் உங்களால் ஏலுமான அளவுக்கு யோசியுங்கள். மற்றதைப் பட்டியல் பார்த்துக்கொள்ளும்.

கேக் தொழில் பற்றி. 1971-இல் எட்வர்ட் டெசி என்ற உளவியலாளர், மாணவர்களுக்குச் சுவாரசியமான கட்டைப் புதிர்களைக் கொடுத்தார். ஒரு பகுதியினருக்கு ஒரு கட்டத்தில், சரியாகச் செய்த ஒவ்வொன்றுக்கும் காசு கொடுத்தார். பிறகு காசை நிறுத்தியதும், சும்மா இருந்த நேரத்தில் அவர்கள் அந்தப் புதிரைத் தொட்டது முன்னரைவிடக் குறைவு. காசு வாங்கினால் எல்லா விருப்பமும் கெட்டுப்போகும் என்று இதற்குப் பொருள் இல்லை. பிறர் சொற்படி, பிறர் நேரத்துக்கு, விலை பேசிச் செய்கிறபோது அது வேறு வேலையாகிவிடும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். ஒரே முகூர்த்தத்தில் நாலு ஓடர், முட்டை விலை, மின்சாரம் போனால் பிரிட்ஜுக்குள் இருப்பது, "மற்ற இடத்தில் இதைவிடக் குறைவு" என்கிற அன்ரி. இதெல்லாம் தெரிந்தும் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாதத்துக்கு இரண்டு ஓடர், சனி ஞாயிறில் மட்டும், பத்து மணிக்குப் பிறகு அடுப்பை மூட்டுவதில்லை என்ற கட்டுப்பாட்டோடு ஒரு ஆறு மாதம் செய்து, வரவு செலவையும் எழுதிப் பாருங்கள். அதற்குப் பிறகும் கேக்தான் என்று தோன்றினால், கணக்குக் கொப்பியோடு எடுக்கிற முடிவை நான் மறிக்க மாட்டேன்.

கடைசியாக உங்கள் சேர். அவர் ஒன்றும் கதைக்காமல் திருத்தியதை நீங்கள் கோபம் என்று எடுத்திருக்கலாம், நம்பிக்கை போய்விட்டது என்றும் எடுத்திருக்கலாம். பிள்ளையை நோகடிக்கக் கூடாது என்றும் அவர் நினைத்திருக்கலாம். கேட்காமல் தெரியாது. நீங்களே போய்க் கதையுங்கள். இப்படித் தொடங்கலாம்: "சேர், அந்தப் படிக்கட்டுப் பிழை என்னுடையது. திரும்ப வராமல் இருக்க ஒரு பட்டியல் எழுதியிருக்கிறேன், ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ." பட்டியலைக் கையில் கொடுங்கள். அதன் பிறகு உங்கள் தேவைகளைச் சொல்லுங்கள். மாதத்தில் ஒரு நாளாவது சைட்டுக்குப் போக வேண்டும். ஒரு வீட்டையாவது முதல் அளவெடுப்பு முதல் முடிவு வரை நீங்களே பார்க்க வேண்டும். பிளானின் கீழ்மூலைப் பெட்டியில் கீறியவர், சரிபார்த்தவர் என்று இரண்டு கட்டம் இருக்குமல்லவா? முதலாவதில் உங்கள் பெயர் வரட்டும். இரண்டாவதில் உண்மையாகவே இன்னொருவர் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைக்கட்டும். திருப்பிப் பார்க்கத் தேவையில்லை என்ற அந்தப் பாராட்டு உங்களுக்கு நன்மை செய்யவில்லை. எவ்வளவு நல்ல கையையும் இன்னொரு கண் பார்க்க வேண்டும்.

சம்பளத்தைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. ஏழு வருட அனுபவத்துக்கு ஏற்ற சம்பளம் இல்லையென்றால் அதையும் கேளுங்கள், தனியாக, இன்னொரு நாளில். குறைந்த சம்பளத்தால் வருகிற மனக்கசப்பை ஆர்வம் வளர்த்துத் தீர்க்க முடியாது. அப்படித் தீர்க்கச் சொல்லி யாராவது உபதேசம் பண்ணினால் கேட்காதீர்கள்.

விடலாம் என்று முதலில் சொன்னேனே, அது இந்த இடத்தில்தான் வரும். சைட்டுக்கு விட மாட்டேன், சரிபார்க்க நேரமில்லை, வந்ததைக் கீறிக் கொடுத்தால் போதும் என்று திரும்பத் திரும்பப் பதில் வந்தால் வேறு அலுவலகம் தேடுங்கள். பிளான் கீறுகிற தொழிலை அல்ல, அந்த இடத்தை விடுங்கள். மார்கழியில் ஒருவரும் அத்திவாரம் போடுவதில்லை, மழையும் இருக்கும், அலுவலகம் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். சேரோடு கதைக்க அந்த மாதம் நல்லது. தை பிறந்ததும் வேலை குவிந்துவிடும், பிறகு அவருக்கும் காது கொடுக்க நேரம் இராது. கதைத்த பிறகு என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். ஆனால் நித்திரைக்கு மார்கழி வரை காத்திருக்க வேண்டாம், அதை இன்றிரவே தொடங்குங்கள்.